மகிமைக்கு ஒரு நாள் முன்னால்

சாவுப் போஸ்டர் ஒட்டுவதற்கு இந்தப் பெக்வாய் ஊரில் என் கடைச் சுவரைப் போல இன்னொரு சுவர் கிடையாது, இன்ஸ்பெக்டர் ஐயா. காலை வெயில் படாது, சாயம் வெளுக்காது. எதிரிலேயே மினிபஸ் நிற்கும் இடம் என்பதால் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் படித்துவிட்டுத்தான் நகர்வார்கள். நீங்கள் மாற்றலாகி வந்த புதிதில் கையில் வறுத்த வாழைப்பழத்தோடு அங்கே நின்று படித்ததை நானே பார்த்திருக்கிறேன். அதனால் என் தொழிலைப் பற்றி உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. அச்சடிப்பது வேறு ஆள், வாசகம் மட்டும் என்னுடையது.

வாசகத்திலும் தலைப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒருவர் செத்துப்போனார் என்று சொல்ல ஆங்கிலத்தில் எத்தனையோ வழி உண்டு. எல்லாம் ஒன்றுதானே, பெரிசாகத் தெரிகிற ஏதாவது ஒன்றைப் போடுங்கள் என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுபதைத் தாண்டி, பேரன் பேத்தி பார்த்துப் படுக்கையில் போனவருக்கு 'கால் டு குளோரி', மகிமைக்கு அழைப்பு. எழுபதைத் தொடாமல் நோயில் போனவருக்கு 'டிரான்சிஷன்'. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறினார், அவ்வளவுதான். போன இடம் எது என்பதற்கு நாம் ஜாமீன் கொடுப்பதில்லை. லாரி மோதிப் போன வாலிபனுக்கு 'வாட் எ ஷாக்', என்ன ஒரு அதிர்ச்சி. தொண்ணூறைத் தாண்டிய தாய்க்கு அந்த 'ஷாக்'கைப் போடச் சொல்லி ஒரு மகன் வந்து நின்றான். இதில் யாருக்குத் தம்பி அதிர்ச்சி, உனக்கா உன் அம்மாவுக்கா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் வந்து 'குளோரி' போட்டுக்கொண்டு போனான்.

எழுபது என்ற அந்தக் கோட்டைப் போட்டவள் நான். ஆனால் ஊருக்கு அது ஓவிரெடு மாஸ்டர் போட்ட கோடு.

மாஸ்டரைப் பற்றி உங்களுக்கே தெரியும். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மனைவியை இழந்தவர், புதன்கிழமை மாலையானால் வானொலியில் உட்கார்ந்துவிடுவார். ஒன்று போலத் தெரிகிற இரண்டு ஆங்கிலச் சொற்களை நேயர்கள் தொலைபேசியில் கேட்பார்கள். எது எங்கே வரும் என்று அவர் பிரித்துச் சொல்வார். நான் உதவியாளர். கேள்வி வந்ததும் ஒரு பாட்டுப் போடுவார்கள். பாட்டு ஓடும்போது நான் அவர் காதில் பதிலைச் சொல்வேன். பாட்டு முடிந்ததும் அவர் அதை ஊருக்குச் சொல்வார். குரல் அவருக்கு அப்படி ஒரு குரல். சந்தைக் கணக்கை அவர் வாசித்தால்கூட வேதம் போல இருக்கும். என் குரல் நீங்கள் கேட்கிற குரல்தான்.

ஒரு லாரி டிரைவர் 'கன்வின்ஸ்', 'பர்சுவேட்' இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். முதலாவது தலையோடு நின்றுவிடும், இரண்டாவது காலை நகர்த்தும் என்று காதில் சொன்னேன். அந்த வாரம் முழுக்கச் சந்தையில் அதே பேச்சு. 'ஜெலஸி', 'என்வி' என்று ஒரு தையல்காரி கேட்டாள். என் தட்டில் இருக்கிற கெங்கே சோள உருண்டையை நீ எடுத்துவிடுவாயோ என்று பயந்தால் 'ஜெலஸி', உன் தட்டு உருண்டையைப் பார்த்து என் வயிறு எரிந்தால் 'என்வி' என்றேன். இதை ஒரு மினிபஸ்காரர் வண்டியின் பின்கண்ணாடியில் எழுதி, அடியில் 'ஓவிரெடு மாஸ்டர்' என்று போட்டுக்கொண்டு குமாசி வரைக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று இதைத்தான் சொல்வார்கள். ஆனால் எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. பெயருக்கு அலைகிறவள் நான் இல்லை. விஷயம் சரியாகப் போய்ச் சேர்ந்தால் போதும் என்பதுதான் என் கட்சி. அந்த மினிபஸ் என் கடை வாசலில் நிற்கும்போது மட்டும் நான் உள்ளே போய்விடுவேன். அந்தப் பெயின்டைப் பார்த்தால் கண் கூசும்.

போன வருடம் மாஸ்டர் இதயத்தில் கோளாறு வந்து படுத்துவிட்டார். அடுத்த மழையைப் பார்க்க மாட்டார் என்று டாக்டர்கள் குடும்பத்தாரிடம் சொல்லிவிட்டார்கள். மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, தன் போஸ்டரைத் தானே பார்த்துவிட வேண்டும் என்றார். இது நம் ஊரில் புதுசில்லை. விசேஷத்துக்குப் போர்த்துகிற கென்டே துணியைப் போர்த்தி நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும் படத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். தலைப்புக்கு 'குளோரி' கேட்டார். எழுபதுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறதே என்று நான் தயங்கினேன். சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தானம்மா என்று அவரே விட்டுக்கொடுத்தார். அந்த ஒரு நாள் மட்டும் அவர் மேல் எனக்கு நிஜமான மரியாதை இருந்தது. 'டிரான்சிஷன்' என்று பெரிய எழுத்தில், வயது அறுபத்தொன்பது என்று போட்டு, தேதிக்கு மட்டும் இடம் விட்டு, நல்ல வழவழப்பான தாளில் ஒரு கட்டு அடித்து வாங்கி வைத்தேன்.

அவர் பிழைத்துக்கொண்டார். டாக்டர்களுக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றும் பழக்கமே இல்லை, ஐயா. மழை வந்தது, போனது, மாஸ்டர் ஃபுஃபுக் களியும் பனங்கொட்டை சூப்புமாகத் தேறி, காலையில் கைத்தடியைச் சுழற்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். எழுபதாவது பிறந்தநாளுக்குச் சர்ச்சில் நன்றி ஆராதனை என்று அறிவிப்பும் வந்தது. ஒரு நாள் கடைக்கு வந்தவர் மூலையில் இருந்த அந்தக் கட்டைத் தட்டிப் பார்த்து, இதைத் தூக்கிப் போடு டோரா, என்றைக்கோ ஒரு நாள் 'குளோரி'யில் புதுசாக அடித்துக்கொள்ளலாம் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

அன்று நான் யோசித்தது இவ்வளவுதான். ஒரு சொல்லை ஆராய்ந்து, பொருத்தமாகத் தேர்ந்தெடுத்து, அச்சிலும் ஏற்றியாகிவிட்டது. அந்த மனிதர் எழுபதைத் தொட்டால் அந்தச் சொல் பொய்யாகிவிடும். அதுவரை நான் கொடுத்த வாசகம் ஒன்றுகூடப் பொய்யானதில்லை. மனிதர்கள் வருவார்கள் போவார்கள். சொல்லைக் காப்பாற்ற வேண்டியது என் பொறுப்பு என்று தோன்றியது. உங்கள் வேலையில் இதை நீங்கள் கடமை உணர்ச்சி என்பீர்கள்.

மாஸ்டரின் மாத்திரை டப்பாவைப் புதன்கிழமைதோறும் நான்தான் நிரப்பிக் கொடுப்பேன். அவருக்குக் கண் சரியில்லை, வீட்டில் வேறு ஆளும் இல்லை. இதயத்துக்கான மாத்திரை சின்னதாக, வெள்ளையாக, வட்டமாக இருக்கும். வயிற்றெரிச்சலுக்குச் சாப்பிடுகிற மாத்திரை ஒன்றும் சின்னதாக, வெள்ளையாக, வட்டமாகக் கிடைக்கிறது. நான் முதலாவதை எடுத்துவிட்டு இரண்டாவதை வைத்தேன். ஒன்று போலத் தெரிகிற இரண்டைப் பிரித்தறிவதில் ஊரே மெச்சிய மனிதர், ஒரு மாதம் விழுங்கியும் கண்டுபிடிக்கவில்லை. நான் காதில் சொல்லாவிட்டால் அவர் நிலைமை அதுதான்.

நான் விஷம் கொடுத்தேன் என்று எழுதிவிடாதீர்கள். எதையும் கொடுக்கவில்லை. இருந்ததை எடுத்தேன். ஆங்கிலத்தில் கொல்வது என்கிற 'கில்' வேறு, சாக விடுவது என்கிற 'லெட் டை' வேறு. ஒரு நர்ஸ் கேட்டபோது அதையும் நான்தான் காதில் சொன்னேன், மாஸ்டர் அழகாக விளக்கினார். எடுத்த மாத்திரைகளை நான் வீசவும் இல்லை. அவருடைய பொருள் அவருடைய பொருளாகவே என் மேசை டிராயரில் இருந்தது. அந்த ஒரு மாதத்தில் அவருக்கு வயிற்றெரிச்சல் முழுக்கக் குணமாகிவிட்டது என்பதையும் நியாயமாக நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் மனிதர் அசையவில்லை. பிறந்தநாளுக்கு முந்தின நாளும் வந்துவிட்டது. அன்று காலை நான் கடையைத் திறந்தபோது ரொட்டி விற்கிற அம்மா தலையில் தட்டோடு ஓடி வந்து, மாஸ்டர் குளியலறையில் விழுந்துவிட்டார், டாக்ஸியில் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று சொன்னாள். எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ இறங்கி அமைதியானது. கடைசி நாளிலாவது என் வாசகத்துக்கு மரியாதை கொடுத்தாரே என்று நினைத்துக்கொண்டேன். தேதியைக் கறுப்பு மையில் எழுதினேன், மரவள்ளி மாவில் பசை காய்ச்சினேன், சுவர் முழுக்க ஒட்டினேன்.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். நான் செய்தவற்றில் இது ஒன்றைத்தான் தப்பு என்று ஒப்புக்கொள்கிறேன். நம் ஊரில் ஒருவர் போனால் முதலில் குடும்பத் தலைவருக்கு ஜின் பாட்டிலோடு போய்ச் சொல்ல வேண்டும். அவர் வாயால் வெளியே வருகிறவரை அது சாவே கிடையாது. பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் ஐயா நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் சொல்ல வேண்டும். முதல் வாரச் சடங்குக்கு முன்னால் போஸ்டர் என்பது கேள்விப்படாதது. இத்தனையும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அன்று என்னமோ அவசரப்பட்டுவிட்டேன்.

அரை மணிக்குள் சுவர் முன்னால் ஒப்பாரி எழுந்துவிட்டது. மினிபஸ்கள் ஹாரனை அழுத்திப் பிடித்தன. ஓவிரெடு குடும்பத் தலைவர் அப்ரஃபா போனில் பிடித்து விளாசினார். "எங்க வீட்டுச் சாவ எனக்குச் சொல்லாம சுவத்துக்குச் சொல்லியிருக்கியே, நீ பொம்பளையா இல்ல வானொலியா?" என்றார். மன்னிப்புக் கேட்கலாம் என்று நான் வாயைத் திறக்கும்போது ஒப்பாரி சட்டென்று நின்றது. ரொட்டிக்காரி தட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். மேட்டில், உச்சி வெயிலில், பாதத்தில் கட்டோடு, கைத்தடியை ஊன்றி ஊன்றி மாஸ்டர் ஏறி வந்துகொண்டிருந்தார். சுவரில் பாதி காய்ந்திருந்த ஒரு போஸ்டரைக் கிழித்தெடுத்துக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கால் சுளுக்குக்குத்தான் ஆஸ்பத்திரி போயிருக்கிறார்.

அவருக்கு மூச்சு வாங்கியது. நாற்காலியைத் துடைத்துப் போட்டேன், அவர் உட்காரவில்லை.

"டோரா, நான் செத்தது கெடக்கட்டும். அது என்ன டிரான்சிஷன்?"

"இன்னும் எழுபது ஆகலையே, மாஸ்டர்."

"நாளைக்கு ஆகுதே."

"போஸ்டர்ல இன்னைக்குத் தேதிதான் போட்டிருக்கு."

அவர் கையிலிருந்த போஸ்டரில் தேதியைத் தேடிப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்க, கைத்தடி நழுவி விழ, கண்ணில் நீர் வர அப்படி ஒரு சிரிப்பு. "நீ போட்ட கோட்ட எனக்காகக்கூட நீ நகத்த மாட்ட, இல்ல?" என்றார். நான் போட்ட கோடு என்று அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் காது சூடானது. அதற்குள் அவர் கை மார்புக்குப் போய்விட்டது.

அப்படியே நாற்காலியில் சரிந்தார். சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து ஒரு மாத்திரையை விழுங்கினார். காத்திருந்தார். இன்னொன்றை விழுங்கினார். நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தேன். டிராயர் என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.

"என்னமோ தெரியல, கொஞ்ச நாளா இது சுண்ணாம்பு தின்ன மாதிரி இருக்கு," என்றார். பிறகு மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார். "நாளைக்குச் சர்ச்சுல எல்லாரு முன்னாடியும் சொல்லணும்னு வச்சிருந்தேன். கெங்கே உன்னோடது. எழுபது உன்னோடது. எல்லாமே உன்னோடது, டோரா. தொண்டை மட்டுந்தான் என்னோடது. வர்ற புதன்கிழமையிலேருந்து மைக்குக்கு முன்னாடி நீதான் உக்காரப் போற."

"நெசமாவா, மாஸ்டர்?"

"சாகப் போறவன் பொய் சொல்லுவனா? அதான் போஸ்டரே ஒட்டிட்டியே."

நீங்கள் என்ன கேட்க வருகிறீர்கள் என்று தெரிகிறது, ஐயா. டிராயரைத் திறந்திருக்கலாம். கை எட்டுகிற தூரம்தான். திறக்கலாமா என்று யோசித்தேன், அவசரமில்லாமல், எல்லாப் பக்கமும் பார்த்துத்தான் யோசித்தேன். திறந்தால் அவர் பிழைப்பார். மறுநாள் சர்ச்சில், வெள்ளைத் துணி உடுத்தி, அந்தக் குரலில், எல்லாம் டோராவுடையது என்று சொல்வார். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். எதற்குத் தட்டுவார்கள்? என் அறிவுக்கா? எப்பேர்ப்பட்ட மனசு மாஸ்டருக்கு, உதவியாளரைக்கூடத் தூக்கி வைத்துப் பேசுகிறாரே என்று தட்டுவார்கள். பெருந்தன்மை என்ற பெயரும் அவருக்கே போய்விடும். நான் பக்கத்தில் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதோடு போஸ்டரும் பொய்யாகிவிடும்.

இதை நீங்கள் பொறாமை என்று எழுத நினைத்தால், எந்தப் பொறாமை என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு உண்டு, சொல்லியிருக்கிறேன். என் கணக்கில் இரண்டும் வராது.

தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். மாத்திரை கேட்கவில்லை. டப்பா அவர் கையிலேயேதான் இருந்தது. கடைசியாக என் பெயரை இரண்டு தடவை சொன்னார். அந்தக் குரலில் என் பெயர் நன்றாகத்தான் இருந்தது. மதியத் தொழுகைக்கு மசூதியில் அழைத்தபோது முடிந்துவிட்டது. அவர் காலைச் சேர்த்து வைத்து, கைத்தடியை மடியில் வைத்தேன். இந்தத் தடவை முறை தவறவில்லை. ஜின் வாங்கிக்கொண்டு நேரே அப்ரஃபா வீட்டுக்குத்தான் போனேன்.

இதோடு விஷயம் முடிந்திருக்கும். நானும் இங்கே வந்து உங்கள் நேரத்தைக் கெடுத்திருக்க மாட்டேன். இதயம் நின்றது என்று டாக்டர் எழுதிக்கொடுத்துவிட்டார். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. இந்த ஊரில் சந்தேகப்படுவதற்குக் கூட ஓர் ஆள் தேறவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அப்ரஃபா செய்ததைப் பாருங்கள். என் போஸ்டர் அத்தனையின் மேலும் புதுப் போஸ்டர் ஒட்டினார். பெரிய எழுத்தில் 'கால் டு குளோரி', வயது எழுபது. நான் போய்க் கேட்டேன். "ஒரே ஒரு நாளுதானம்மா, அதுக்காகப் பெரிய மனுசன மகிமைக்கு வெளிய நிறுத்தச் சொல்றியா?" என்றார். என் சுவரில், என் கண் முன்னால், அந்தச் சொல்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். முதல் வாரச் சடங்குக்குக் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு போனேன். எழுந்தவர்கள் எல்லாரும் கெங்கே கதையைச் சொன்னார்கள். லாரி டிரைவர் வந்து தலையும் காலும் சொல்லிவிட்டு அழுதார். செத்தவர் இனி எழுந்து வந்து இது டோராவுடையது என்று சொல்லப் போவதில்லை என்பது எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. உண்மை தெரிந்த ஒரே வாயை நானே மூடியிருக்கிறேன். சிரிப்பு வந்தது. முந்தானையால் மூடிக்கொண்டேன், அழுகிறேன் என்று பக்கத்துப் பெண் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

கடைசியில் போதகர் எழுந்தார். மாஸ்டர் உயிரோடு இருக்கும்போதே அவர் சாவுப் போஸ்டர் சுவரில் ஏறியதே, அது என்ன என்று கூட்டத்தைக் கேட்டார். தீர்க்கதரிசனம் என்று அவரே பதிலும் சொன்னார். ஆண்டவர் தம் ஊழியனை அழைக்கப் போவதை முன்கூட்டியே ஒரு எளிய பெண்ணுக்குக் காட்டினாராம். தேதிகூடத் தவறவில்லையாம். என்னை மேடைக்குக் கூப்பிட்டு, தலையில் கை வைத்து, "இந்தச் சகோதரி ஒண்ணுமே செய்யல. வெறும் கருவி. எழுதின கை மட்டுந்தான் இவளோடது," என்று சொன்னார். கூட்டம் ஆமென் என்றது.

வெறும் கருவி. ஒரு மாதம் மாத்திரையைப் பிரித்து வைத்தது யார்? பசை காய்ச்சியது யார்? முழங்காலில் டிராயர் இடிக்க இடிக்க உட்கார்ந்திருந்தது யார்? மேடையிலிருந்து இறங்கி, துணியைக்கூட மாற்றாமல் நேரே இங்கே வந்தேன்.

நீங்களும் பேனாவை மூடி வைக்கப் பார்க்கிறீர்கள். கொஞ்சம் முன்னால் நீங்கள் சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "டோரா அக்கா, துக்கத்துல என்னென்னமோ பேசறீங்க, வீட்டுக்குப் போய்ப் படுங்க. ஆண்டவர் கூப்பிட்டாரு, மாஸ்டர் போயிட்டாரு," என்றீர்கள். இதோ டிராயரில் இருந்த மாத்திரைகள், எண்ணிக்கொள்ளுங்கள். பெயருக்கு ஆசைப்பட்டு நான் வரவில்லை என்பதை முதலில் எழுதுங்கள். எழுதிவிட்டு, கூப்பிட்டது ஆண்டவர் இல்லை, நான்தான் என்பதையும், தியோடோரா ஆம்போமா என்ற என் முழுப் பெயரையும் தெளிவாகப் பெரிய எழுத்தில் போடுங்கள்.